ஆம்னிக்கு நாலு கால் பாய்ச்சல்!

சொந்தமாக வேன் வைத்திருக்கும் வாலிபர்களுக்கு ஆசை மூன்று கட்டமாக வரும். இது என் சொந்த ஆராய்ச்சி.

முதல் கட்டத்தில் பின் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பின்னால் வருகிற வண்டி தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது? இரண்டாவது கட்டத்தில் ஸ்பீக்கர் வைப்பார்கள். பாட்டு வண்டிக்குள் இருப்பவர்களுக்கா, வழியில் வரும் மூன்று கிராமங்களுக்கா என்று சந்தேகம் வரும். இந்த இரண்டு கட்டத்திலும் சேதம் காதுக்கும் கண்ணாடிக்கும்தான். மூன்றாவது கட்டம்தான் பர்ஸைக் கடிக்கும். ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் மலை ஏறும் வண்டி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காலையில் சிவந்த கண்களோடு வந்து ஒரு கேள்வி கேட்பார்கள்:

"மாப்ள... நம்ம வேனை ஃபோர் வீல் டிரைவா மாத்திட்டா என்ன?"

எடமலைப்பட்டி புதூரில் என் நண்பர் ஒருவர் இந்த மூன்றாவது கட்டத்தில் இருக்கிறார். (பெயர் வேண்டாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.) தனியார் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் வேலை, கையில் ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி ஆம்னி. வாரநாளில் வண்டி அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் அத்தை குடும்பத்தைச் சமயபுரத்துக்கும் கொண்டுபோய்விடும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் படையோடு பச்சைமலை, கொல்லிமலை என்று கிளம்பிவிடும். லட்சியம், கொழுக்குமலை. பணத்துக்கு வழி? தங்கை கல்யாணத்துக்காகக் கட்டி வரும் ஏலச்சீட்டு.

"நீ பி.காம். ஆச்சே, கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. சீட்டுப் பணத்தில் கை வைக்கும் முன் மற்றவர்களும் படித்துவிடுவது நல்லது.

சேற்றில் மாட்டியது எப்படி?

ஆம்னி சாதாரண வண்டி இல்லை. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, 2019 வரை முப்பத்தைந்து வருஷம் தயாரிப்பில் இருந்தது. பால்காரர், கேட்டரிங்காரர், ஆம்புலன்ஸ், சினிமாவில் கதாநாயகியைக் கடத்தும் வில்லன் என்று எல்லாருக்கும் உழைத்த வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். அது டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். கோடையில் சீட் சுடுவதற்குக் காரணம் அதுதான், வெயில் இல்லை! அங்கிருந்து ஒரு நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் பின்பக்கம் போய் பின் சக்கரங்களைச் சுற்றுகிறது. முன் சக்கரங்களுக்கு ஸ்டியரிங் சொல்கிற பக்கம் திரும்புவதும் பிரேக் பிடித்தால் நிற்பதும்தான் வேலை. வண்டியைத் தள்ளும் பொறுப்பு கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் லால்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன நண்பர், நிழலுக்கு ஆசைப்பட்டு வயல் ஓரமாக வண்டியை நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டு வந்து கிளப்பினால், இடது பின் சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றி, மாப்பிள்ளை வீட்டார் வேட்டிக்கெல்லாம் சேறு அடித்தது. வலது சக்கரம் அசையவே இல்லை. கடைசியில் டிராக்டர் வந்து இழுத்தது. அன்றைக்குத்தான் ஆசை முளைத்தது.

ஒரு சக்கரம் சுற்றி மற்றது நின்றதே, அது ஏன்?

ஸ்ரீரங்கத்தில் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் நகரும். வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போட்டு வர வேண்டும். தேரை இழுப்பவர்கள் நாம், அதனால் சக்கரங்கள் அதனதன் போக்கில் சுற்றிக்கொள்ளும். வேனில் சக்கரத்தைச் சுற்றுவதே என்ஜின். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிக் கட்டினால் திருப்பத்தில் ஏதாவது ஒன்று தேய்ந்து இழுபடும். இதைச் சமாளிக்கத்தான் நடுவில் 'டிஃபரன்ஷியல்' என்று ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். திருப்பத்தில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் போக அது அனுமதி கொடுக்கும்.

அதற்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் கெட்டித் தரை என்றால், சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே சுற்றை எல்லாம் கொடுத்துவிடும். வேலையே செய்யாதவனுக்கு இன்க்ரிமென்ட் கொடுக்கிற ஆபீஸ் மாதிரி! நம் ஊரில் ஓடுகிற பெரும்பாலான வண்டிகள் சேற்றில் இறங்கியதும் 'ஒரு வீல் டிரைவ்' ஆகிவிடுவது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு ரகசியம். நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்தாலும், முன்னும் பின்னும் சாதாரண டிஃபரன்ஷியல்தான் என்றால், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் சேற்றில் சுற்ற, மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கலாம். ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற வண்டிகளில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் 'லாக்' வைத்திருப்பது இதற்காகத்தான்.

மெக்கானிக் அண்ணன் போட்ட பட்டியல்

மதுரை ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் நண்பரை அழைத்துப் போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஜீப், டெம்போ எல்லாம் கையாண்ட கை.

"அண்ணே, ஒரு பழைய ஜிப்ஸியை வாங்கி உடைச்சு, அதோட முன் ஆக்ஸிலை ஆம்னிக்கு மாட்டிட்டா?" என்றார் நண்பர்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தம்பி, மாட்டலாம். மாட்டுறதுக்கு என்ன, ரயில் என்ஜினைக் கூட மாட்டலாம். ஓடணும்ல?"

பிறகு விரல் விட்டு எண்ணினார்.

ஒன்று: கியர்பாக்ஸிலிருந்து வரும் சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' வேண்டும். தரைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் அதை எங்கே தொங்கவிடுவது?

இரண்டு: முன்பக்கம் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஸ்டியரிங், குறுக்குச் சட்டம் எல்லாம் குடியிருக்கின்றன, பின்னாலேயே என்ஜின். வாடகைக்காரர்களைக் காலி செய்யாமல் புது ஆளை எப்படிக் குடிவைப்பது?

மூன்று: முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுற்றப்படவும் வேண்டும். அதற்குத் தனி ஜாயின்ட், தனி ஹப். ஆம்னியின் முன் ஹப்பில் ஷாஃப்ட் நுழைய வழியே கிடையாது.

நான்கு: ஜிப்ஸிக்கு அடியில் ஏணி மாதிரி கெட்டியான சேஸிஸ் உண்டு. முன் ஆக்ஸிலைப் பட்டை ஸ்பிரிங் தாங்கும். ஆம்னிக்கு அப்படித் தனிச் சேஸிஸ் இல்லை. தகரப் பெட்டியேதான் உடம்பு. "பட்டை ஸ்பிரிங்கை எதுல வெல்டு வைக்கிறது? ஃப்ளோர் தகரத்துலயா? முதல் பள்ளத்துல பிச்சிக்கிட்டு வந்துரும் தம்பி."

ஐந்தாவதாக அவர் சொன்னதுதான் என் போன்ற கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த விஷயம். முன் டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் பின் டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் பொருந்த வேண்டும். பின்னால் 5.1, முன்னால் 4.1 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டயர் எல்லாம் ஒரே அளவு. பின் சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் முன் சக்கரம் 124 மீட்டர் போகத் துடிக்கும். ஒரே வண்டியில் இரண்டு டிரைவர்! சேற்றிலாவது டயர் வழுக்கி, சண்டை தீர்ந்துவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் பல்லோ ஷாஃப்டோ முறியும்.

விகிதம் கச்சிதமாக இருந்தாலும் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. ஆகவே, நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத சாதாரண ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக் கூடாது. ஜீப் டிரைவர்கள் சேறு வந்தால் லீவரைப் போட்டு, ரோடு வந்ததும் எடுத்துவிடுவது இதற்குத்தான்.

எல்லாம் மாட்டி முடித்தால் வண்டியின் எடை கூடும், உயரமும் கூடும். ஆம்னியின் அகலம் 1,410 மில்லிமீட்டர், உயரம் 1,640. பிறவியிலேயே ஒல்லியான, நெட்டையான உடம்பு. அதை இன்னும் தூக்கி நிறுத்திக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுவதை யோசித்துப் பாருங்கள். உள்ளே அம்மாவும் அத்தையும் இருக்கிறார்கள்.

அப்படியானால் யாருமே செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள், பிரமாதமாகவே. அமெரிக்காவில் மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி 1935-லிருந்து ஃபோர்டு லாரிகளை எல்லாச் சக்கரமும் இழுக்கும் வண்டிகளாக மாற்றிக் கொடுத்தது. அதற்கே தொழிற்சாலை வைத்திருந்தவர்கள் அவர்கள்.

வேன் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேன்களை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் குஸ்டாவ் மேயர். பாலைவனப் பயணத்தில் பைத்தியமானவர். (நம் நண்பரின் ஜெர்மன் பதிப்பு என்று வையுங்கள்.) 1970-களின் நடுவில் அவரும் சக பொறியாளர் ஹென்னிங் டக்ஸ்டைனும் வேனை ஃபோர் வீல் டிரைவாக மாற்றிச் சஹாரா மணலிலேயே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி ஜெயித்தது. ஆனால் கடைக்கு வந்ததா? அடுத்த தலைமுறை வேனில்தான் வந்தது, 1985-ல், 'சிங்க்ரோ' என்ற பெயரில். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-புஹ் என்ற கம்பெனி அதை அசெம்பிள் செய்தது. பின் சக்கரம் வழுக்கும்போது முன் சக்கரத்துக்குத் தானாகவே சக்தி போக, சிலிக்கோன் திரவம் நிரப்பிய ஒரு டப்பா உள்ளே இருந்தது. அதற்குள் அடுக்கிய தட்டுகள் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் திரவம் அவற்றைச் சேர்த்து இழுக்கும்.

ஜப்பானில் மிட்சுபிஷி 1982-லேயே டெலிகா வேனை ஃபோர் வீல் டிரைவில் இறக்கியது. நம் ஆம்னியின் ரத்த சம்பந்தமான சுஸுகி கேரிக்கே அங்கே ஃபோர் வீல் டிரைவ் ரகம் உண்டு. "பார்த்தியா!" என்று துள்ளினார் நண்பர். பார்த்தேன். அதற்காக அவர்கள் முன்பக்க அமைப்பையே வேறாகச் செய்தார்கள் என்பதையும் பார்த்தேன்.

ஒரு பெரிய கம்பெனி, கையில் சொந்தத் தொழிற்சாலையும் சம்பளத்துக்குப் பொறியாளர்களும் வைத்துக்கொண்டு, முதல் சோதனை வண்டியிலிருந்து விற்பனைக்கு வர ஏறக்குறையப் பத்து வருஷம் எடுத்திருக்கிறது. நம் நண்பர் பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்கிறார்.

'எங்கப்பா காலத்துல பண்ணாங்களே!'

நிஜம்தான். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாஸடரின் என்ஜினை இறக்கிவிட்டு மேட்டடார் டீசல் என்ஜினை ஏற்றாத பட்டறை தமிழ்நாட்டில் அபூர்வம். டக்டக்கென்ற சத்தத்தோடு கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு அந்த வண்டிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின. நம் மெக்கானிக்குகளின் கைத்திறமைக்கு அவையே சாட்சி.

பிறகு சட்டம் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை 2000-ல் திருத்தினார்கள். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள தகவல்கள் பொய்யாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று இறுக்கினார்கள். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட் இதையே அழுத்தமாகச் சொன்னது. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். 'ஒவ்வொரு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மெக்கானிக் அண்ணன் விரல் விட்டு எண்ணியது ஐந்து!

அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட் போடலாம், மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்றபடி அனுமதி வாங்கி மாற்றலாம். அதற்கெல்லாம் சட்டத்தில் கதவு இருக்கிறது. பட்டறையில் வெல்டிங் வைத்த ஃபோர் வீல் டிரைவுக்குக் கதவு இல்லை. கம்பெனிக்காரர்களே புது ரக வண்டி கொண்டு வந்தால் பூனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதித்துச் சான்று வாங்கியாக வேண்டும்.

2021 ஆகஸ்டில் கேரளாவின் கண்ணூரில், வீடியோக்களால் பிரபலமான ஒரு பயண வேனை, செய்திருந்த மாற்றங்களுக்காக மோட்டார் வாகனத் துறை பிடித்து வைத்ததும் பெரிய பேச்சானது நினைவிருக்கலாம். அதில் ஃபோர் வீல் சமாசாரம் எதுவும் இல்லை.

அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். எனக்குப் பயம் இன்ஷூரன்ஸில்தான். ஏதோ ஒரு வளைவில் ஏதோ ஒன்று நடந்துவிட்டது என்றால், சர்வேயர் வந்து முதலில் அடியில் குனிந்து பார்ப்பார். ஆர்.சி.யில் இல்லாத ஒரு ஆக்ஸில் அங்கே தொங்கினால் க்ளெய்மை மறுக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பி.காம். கணக்கு

நண்பரிடம் ஒரே கேள்வி கேட்டேன். "வருஷத்துல எத்தனை நாள் சேத்துல மாட்டுற?"

வெகு நேரம் யோசித்தார். லால்குடி ஒன்று. கொள்ளிடம் மணலில் போட்டோ எடுக்க இறங்கியது ஒன்று. "ரெண்டு... வேணா மூணுன்னு வச்சுக்க."

மூன்று நாளுக்காக மீதி முந்நூற்று அறுபத்திரண்டு நாளும் கூடுதல் எடையைச் சுமந்து, கூடுதல் பெட்ரோல் குடித்து, போலீஸைக் கண்டால் சந்தில் திரும்புகிற வண்டி! விற்கப் போனால் வாங்குபவர் ஆர்.சி.யைப் பார்ப்பார். தேய்மானம் போட்டால் சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி காந்தி கணக்கு.

இன்னொரு விஷயம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்குத்தான். மழை ரோட்டில் வண்டி நிற்பதும் வளைவில் பிடித்துத் திரும்புவதும் டயர் ரோட்டைத் தொடுகிற அந்த உள்ளங்கை அளவு இடத்தில்தான் இருக்கிறது. நண்பரின் வேன் டயர்களைத் தடவிப் பார்த்தேன். என் முன்னந்தலை மாதிரி இருந்தன.

கடைசியில் ஒரு சமரசம். ஃபோர் வீல் டிரைவ் கேட்டவருக்கு நாலு வீலுக்கும் புது டயர்! பிரேக் லைனிங்கும் மாற்றினார். சீட்டுப் பணம் பத்திரம்.

சேற்றுக்கு? மெக்கானிக் அண்ணன் செலவில்லாத வைத்தியம் சொன்னார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டையோ சாக்கோ பலகையோ போடுங்கள். ஆட்களை இறக்காமல் பின் சீட்டில் உட்கார வையுங்கள், பின் சக்கரம் தரையை அழுத்தும். ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பிடித்து மெதுவாக கிளப்புங்கள். சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தடை வரும், நிற்கிற சக்கரத்துக்குக் கொஞ்சம் பலம் போகும். இது பின் சக்கரம் ஓட்டும் வண்டிக்கு மட்டும். மணல் என்றால் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் அடித்துவிடுங்கள். ஒரு கயிறும் ஒரு மண்வெட்டியும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள்

ஃபோர் வீல் டிரைவே வீண் பந்தா என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்காரர்களைக் கேளுங்கள். சரியான ரோடு இல்லாமல் நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கி இறக்கிய மலை அது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளாவின் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் ஏற வேண்டும். அந்தக் கல்லுப் பாதையில் தினமும் ஏறி இறங்கும் டிரைவர்கள் யாரும் வேனை வெட்டி ஒட்டுவதில்லை. கம்பெனியிலேயே அதற்கென்று பிறந்த ஜீப்பைத்தான் ஓட்டுகிறார்கள். வாழ்க்கையே அதில் இருப்பவர்கள் எடுக்கும் முடிவு அது.

ஆசை தீரவே இல்லையென்றால் பழைய ஜிப்ஸி இருக்கிறது, மஹிந்திரா ஜீப் இருக்கிறது. கையில் காசு இருந்தால் தார், ஜிம்னி, கூர்க்கா. வாங்குமுன் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். அவற்றில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாத ரகமும் உண்டு. அவ்வளவு காசு இல்லாதவர்களுக்கு இன்னும் சுலபமான வழி: மலை அடிவாரம் வரை சொந்த வேன், அதற்கு மேல் உள்ளூர் டிரைவரோடு வாடகை ஜீப். ஆறு பேர் பங்கு போட்டால் தலைக்குக் கொஞ்சம்தான். சேற்றில் மாட்டினால் அது அவர் கவலை. நீங்கள் இறங்கி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, ஹேண்ட்பிரேக்கை ரெண்டு பல்லு இழுத்துப் பாருங்க" என்று ஐடியா கொடுக்கலாம்.

திட்டினால் கட்டுரையாளர் பொறுப்பல்ல.